பின்பனியில் மரம் பார்க்கப் போவது எப்படி

"இன்னும் எத்தனை நாளைக்கு உந்தக் குளிர்?" பெப்ரவரி நடுவுக்கு வந்துவிட்டால் கடையில், கோயிலில், வேலையில், யாரைக் கண்டாலும் இதே கேள்விதான். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பிளாசாக்களின் வாகனத் தரிப்பிட மூலைகளில் குவித்துவைத்த பனி கறுத்து, உப்பும் புகையும் கோப்பிக் கோப்பை மூடிகளும் கலந்து, பார்க்கவே மனம் வராத மலையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினால் ஏப்ரலில்தான் திறப்பது. நானும் பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். பனி அள்ளுவதற்கு மட்டும் வெளியே வருகிற ஆள்.

நம்முடைய பழைய பருவக் கணக்கை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக்கிவிட்டு வெளியே வந்தால் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும், எங்கே பனி என்று கேட்டால் வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். இங்கே வந்த பிறகுதான் அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பின்பனி, அங்கேயிருந்து ஜூன் நடுவரை இளவேனில். தெற்கு ஒன்ராறியோவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஒன்ராறியோவில் வியார்ட்டன் என்ற ஊரில் பெப்ரவரி 2ஆம் திகதி வில்லி என்ற கிரவுண்ட்ஹொக்கை, அணில் சாதிப் பிராணி ஒன்றை, வெளியே கொண்டுவந்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்பதை வைத்து வசந்தம் எப்போது வரும் என்று சொல்வார்கள். எனக்கு நம்முடைய கணக்கில்தான் நம்பிக்கை. இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம்.

சரி, அந்த இரண்டு மாதத்தை என்ன செய்வது? பனிச்சறுக்கு விளையாட்டுக்குக் காசும் வேண்டும், இடுப்பும் வேண்டும், என்னிடம் இரண்டும் குறைவு. நான் கண்டுபிடித்தது மரம் பார்ப்பது. நல்ல சப்பாத்து ஒரு சோடி, இரண்டு மணி நேரம், ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர், அவ்வளவுதான் செலவு.

எந்த நாளில் இறங்குவது

வானிலை பார்க்கும்போது எல்லோரும் பகல் வெப்பநிலையைத்தான் பார்ப்பார்கள். பின்பனியில் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று ஊஞ்சல் ஆடும் நாட்கள்தான் இந்தப் பருவத்தின் உயிர். பகலில் பனியின் மேற்பரப்பு கொஞ்சம் உருகி, இரவில் திரும்ப இறுகி, விடியும்போது மேலே ஒரு ஓடு கட்டியிருக்கும். காலை எட்டு மணிக்கு அந்த ஓட்டின்மேல் நடந்தால், இரண்டு கிழமைக்கு முன் முழங்கால்வரை புதைந்த பள்ளத்தாக்கில் சீமெந்துத் தரையில் நடப்பதுபோல் நடக்கலாம், பாதையே இல்லாத இடத்திலும் மரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். ஆனால் மணிக்கூட்டைப் பாருங்கள். பதினொரு மணிக்கு ஓடு இளகத் தொடங்கும், பிறகு ஒவ்வொரு அடிக்கும் 'டொபக்'. ஒருமுறை நான் நேரம் மறந்து நின்றுவிட்டு, அரை மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் எடுத்து, நடுவில் ஒரு சப்பாத்து பனிக்குள்ளேயே நின்றுவிட, ஒற்றைக் காலில் சொக்ஸோடு நின்று அதைக் கிண்டி எடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லாததுதான் புண்ணியம்.

இன்னொரு வகை நாள், புதிதாகப் பனி கொட்டிய மறுநாள் காலை. ஜனவரிப் பனி பெரும்பாலும் தூள், காற்றடித்தால் கிளையில் தங்காது. மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் பனி ஈரமாக இருப்பதால் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈர்க்கு அளவு மெல்லிய குச்சிக்கும் மேலே வெள்ளைக் கோடு இழுத்ததுபோல் நிற்கும். அது எவ்வளவு வடிவு என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை, போய்ப் பாருங்கள். ஆனால் மதியத்துக்கு முன் போங்கள். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் செப்டெம்பர் கடைசியில் நிற்கிற அதே உயரத்தில் நிற்கிறது, டிசம்பர் கடைசியில் நின்றதைப்போல் இரண்டு மடங்கு. வானம் வெளித்தால் மத்தியானத்துக்குள் மரமெல்லாம் 'சொத சொத' என்று உதறி முடித்துவிடும். அன்றைக்கு முதல் வேலை மரம், சமையல் இரண்டாவது.

அந்த ஈரப் பனி உங்கள் வீட்டு சீடர் மர வேலியைத் தரைவரை வளைத்து வைத்திருந்தால் மேலிருந்து தட்டாதீர்கள், கிளை முறியும். தும்புத்தடியைக் கீழே கொடுத்து மெதுவாக மேல்நோக்கித் தூக்கி விடுங்கள். பனி இறுகி ஐஸ் ஆகிவிட்டதென்றால் தொடவே வேண்டாம், தானாக உருகட்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: போன் கமெராவுக்கு வெள்ளை பிடிக்காது, எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கிவிடும். திரையில் பனியைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தை மேலே தள்ளி எடுங்கள். பனியில் மர நிழல் நீலமாக விழுந்தால் அது கமெராவின் பிழை இல்லை. வெயில் படாத இடத்துக்கு நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் வருவதால் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.

உடுப்பு, சப்பாத்து

இதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய உடுப்புகளாக மூன்று அடுக்குப் போடுங்கள், நடக்க நடக்கச் சூடேறும், கழற்ற வேண்டி வரும். மார்ச் மாதத்தில் ஆளை விழுத்துவது குளிரைவிட வழுக்கல்தான். உருகிய தண்ணீர் இரவில் பாதை முழுக்கக் கண்ணாடிபோல் உறைந்திருக்கும், அதற்குமேல் கொஞ்சம் தூள் பனி விழுந்து மறைத்திருக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும். சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற, அடியில் சின்ன ஆணிகள் வைத்த றப்பர் பட்டி கடைகளில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். நான் என் வீட்டு டிரைவ்வேயிலேயே மல்லாக்க விழுந்து மூன்று கிழமை சாய்ந்து படுக்க முடியாமல் இருந்த பிறகுதான் வாங்கினேன். கறுப்புக் கண்ணாடியும் மறக்க வேண்டாம். புதுப் பனி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மேலேயிருந்து ஒரு வெயில், கீழேயிருந்து ஒரு வெயில்.

எங்கே போவது

ஸ்காபரோக்காரருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 2015இல் அமைந்த, கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா, கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. நம்மில் பாதிப் பேர் அதற்குப் பக்கத்தில் உள்ள மிருகக்காட்சிச்சாலைக்குக் கோடையில் காசு கொடுத்துப் போயிருப்போம், எதிரில் சும்மா கிடக்கும் காட்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டோம். மிருகக்காட்சிச்சாலைப் பக்கத்திலிருந்து தொடங்கும் விஸ்டா பாதையில் போனால் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மரத்தளம் கட்டியிருக்கிறார்கள். இலை இல்லாத காலத்தில்தான் அதிலிருந்து பள்ளத்தாக்கின் உடம்பு முழுக்கத் தெரியும், ஆறு எங்கே வளைகிறது, எந்தச் சரிவில் பனி இன்னும் கிடக்கிறது என்றெல்லாம். மாஸ்ட் பாதை என்று இன்னொன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பல் பாய்மரத்துக்காக வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துக்கொண்டு போன வழி என்பதால் அந்தப் பெயர். அதன் மேடான பகுதியில் ஐஸ் அதிகம், ஆணிப்பட்டி இல்லாமல் ஏறாதீர்கள்.

தூரம் போக முடியாவிட்டால் மோர்னிங்சைட் பூங்கா, ஹைலண்ட் கிறீக் ஓரம், ஏன், உங்கள் தெருவிலேயே நிற்கும் மரம் போதும். ஏரியோரம் செங்குத்தாக நிற்கும் மண்மேடுகளான ஸ்காபரோ பிளஃப்ஸ் வடிவான இடம்தான், ஆனால் பின்பனியில் உச்சி விளிம்புக்குப் போகாதீர்கள். உருகி, உறைந்து, திரும்ப உருகும் மண் சொல்லாமல் சரியும். குளங்களில் ஐஸ் தடிப்பாகத் தெரிந்தாலும் மார்ச்சில் ஏறி நிற்பது மடத்தனம்.

மரத்தைப் பார்ப்பது

மரத்தை இலையை வைத்துத்தான் அடையாளம் காணலாம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இலை இல்லாதபோது பார்ப்பதுதான் எனக்கு இப்போது சுகமாக இருக்கிறது, கோடையில் எல்லாம் ஒரே பச்சை.

முதலில் கிளையைப் பாருங்கள். சின்னக் குச்சிகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்திலிருந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும் ஆளைப்போல் பிரிகின்றனவா, அல்லது ஏணியில் ஏறுவதுபோல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருகின்றனவா? சோடியாகப் பிரிந்தால் இந்த ஊர்க் காட்டில் பெரிய மரம் அநேகமாக மேப்பிள் அல்லது ஆஷ். மாறி மாறி வந்தால் ஓக், பீச், பேர்ச், எல்ம் என்று பெரிய கூட்டம். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். ஒரு கிளையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சோடியில் ஒன்று முறிந்து விழுந்திருக்கலாம்.

சோடிக் கிளை, ஆனால் பட்டை உரிந்து மஞ்சள் வெளிறலாக நிற்கிறது, மரங்கொத்தி கொத்திய அடையாளம், தண்டில் ஆங்கில D எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் சின்ன ஓட்டைகள் என்றால் அது ஆஷ், செத்த ஆஷ். எமரல்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு ரொறொன்ரோவில் 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த நகரத்து ஆஷ் மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. காற்றடிக்கும் நாளில் அதற்குக் கீழே நிற்காதீர்கள்.

பீச் மரத்தைப் பிழைவிடவே முடியாது. பட்டை சாம்பல் நிறம், வழுவழுப்பு, யானையின் காலைத் தடவுவதுபோல் இருக்கும். காய்ந்த இலைகளை அது விடுவதில்லை. வெளிறிய தாள்போல மெல்லிய இலைகள் குளிர்காலம் முழுக்கக் கீழ்க்கிளைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும், இளம் மரமென்றால் இன்னும் அதிகம். ஓக்கும் அப்படித்தான், ஆனால் அதன் இலை தடிப்பு, தோல் நிறம். காற்றடித்தால் அந்தச் சத்தம் எனக்கு ஊரில் பனங்காட்டு வழியாகப் போகிற சத்தம்தான், கண்ணை மூடினால் போதும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம் என்று ஊரில் சொல்வார்கள். பீச்சில் காவோலையும் குருத்தும் ஒரே குச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதன் மொட்டைப் பாருங்கள், நீளமாக, மெல்லிசாக, கூராக, யாழ்ப்பாணத்துச் சுருட்டைச் சின்னதாகச் செய்து குச்சியில் செருகியதுபோல. அந்த மொட்டுத் திறக்கிற காலத்தில்தான் பழைய இலை விழும்.

மொட்டு என்று சொன்னேன், இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வசந்தம் வந்த பிறகுதான் மரம் மொட்டு வைக்கிறது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. இப்போது நீங்கள் தொடும் மொட்டு போன கோடையிலேயே கட்டியது. இலை, சில மரங்களில் பூவும், எல்லாம் மடித்து, செதில்களால் மூடி, கட்டி வைத்துவிட்டுத்தான் மரம் இலையுதிர்த்தது. பிறகு அது குறிப்பிட்ட அளவு குளிரைத் தாங்கி முடித்தால்தான் விழிக்கும், ஜனவரியில் ஒரு நாள் சூடு வந்துவிட்டது என்பதற்காக ஏமாந்து திறந்துவிடாது. பெப்ரவரி கடைசியில் பல மரங்களுக்கு அந்தக் குளிர்க் கணக்கு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு சூட்டுக்காகத்தான் காத்திருப்பு. நம்பிக்கையில்லாவிட்டால் காற்றுக்கு விழுந்த குச்சி ஒன்றை எடுத்து, தடித்த மொட்டை நகத்தால் அல்லது பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து, போனில் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே பச்சை இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் ஹோர்ஸ் செஸ்ட்நட் மொட்டுத்தான் நல்லது, பெரிது, பசைபோல் விரலில் ஒட்டும். மரத்தில் நிற்கும் மொட்டை முறிக்காதீர்கள், ரூஜ் பூங்காவுக்குள் விழுந்த குச்சியைக்கூட எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

தெருவோர மேப்பிள்களில் நிறைய நோர்வே மேப்பிள், வெளியூர்ச் சரக்கு. மொட்டு உருண்டு தடித்து, பச்சையும் சிவப்புமாக இருக்கும். சீனி மேப்பிளின் மொட்டு கபில நிறத்தில் ஒல்லியாக, பென்சில் முனைபோல். குளிர்காலத்திலும் காய்ந்த சிறகு விதைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பச்சையோ ஊதாவோ கலந்த குச்சியோடு நின்றால் அது மனிற்றோபா மேப்பிள். வெள்ளைப் பேர்ச்சைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தாள் தாளாக உரிகிறதே என்று ஆசைப்பட்டு உரிக்க மட்டும் வேண்டாம், மரத்துக்குக் காயம்.

பச்சையாக நிற்கிற எல்லாவற்றையும் 'கிறிஸ்மஸ் மரம்' என்று சொல்லுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கையில் பிடித்துப் பாருங்கள். ஊசி கொத்தாக வந்தால் பைன். கொத்துக்கு ஐந்து ஊசி என்றால் வெள்ளைப் பைன், 1984 முதல் ஒன்ராறியோவின் மாகாண மரம், பாய்மரம் ஆனது அதுதான். இரண்டு நீள ஊசி என்றால் சிவப்புப் பைன். தனித்தனி ஊசியாக இருந்தால் ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள், பென்சில்போல் உருண்டால் ஸ்புரூஸ், உருளாமல் தட்டையாக இருந்தால் ஃபெர் அல்லது ஹெம்லொக். ஹெம்லொக்கின் ஊசி குட்டை, திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு. சீடரில் ஊசியே இல்லை, செதில் செதிலாகப் பின்னல்போல இருக்கும், கசக்கி முகர்ந்தால் குளிரிலும் வாசம் வரும். புதுப் பனி விழுந்த நாளில் ஹெம்லொக் காட்டுக்குள் போய் நில்லுங்கள். கிளைகளே பனியைத் தாங்கிக்கொள்வதால் கீழே பனி குறைவு, சத்தமும் குறைவு.

கீழே பார்ப்பது

மரத்தடியைச் சுற்றி மட்டும் பனி உருகி ஒரு கிண்ணம்போலக் குழி விழுந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கருமையான தண்டு வெயிலை உறிஞ்சி, சூட்டைப் பக்கத்துப் பனிக்குக் கொடுக்கிறது. தெற்குப் பக்கம் அகலமாகவும் வடக்குப் பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும், திசை தெரியாவிட்டால் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குழிக்குள், வெயிலான நாளில், பனிமேல் யாரோ மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் குனிந்து ஒரு நிமிடம் பாருங்கள். மிளகு துள்ளும். ஸ்னோ ஃபிளீ என்பார்கள், ஆனால் உண்ணியோ தெள்ளோ அல்ல, கடிக்காது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள சின்னப் பிராணி, வயிற்றுக்கடியில் மடித்து வைத்த வாலை விசைபோல் விட்டுத் துள்ளும், உறையாமல் இருக்க உடம்பில் அதற்கென்றே ஒரு புரதம் வைத்திருக்கிறது. முதல்தடவை இதைக் கண்டபோது நான் பனியில் முழங்காலிட்டுக் கிடந்ததைப் பார்த்து, நாயோடு நடந்துபோன ஒரு அம்மா விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார். பிறகு அவரும் பக்கத்தில் குந்தினார்.

பனி இறங்க இறங்கப் புல்தரையில் வளைந்து வளைந்து வாய்க்கால்போல் தடங்கள் வெளிப்படும். வயல் எலி குளிர்காலம் முழுக்கப் பனிக்கும் தரைக்கும் நடுவே ஓடிய வீதிகள் அவை. பனி பெரும்பகுதி காற்றுத்தான், அதனால் கம்பளிபோல் தரையை மூடிச் சூட்டைப் பிடித்து வைக்கும். மேலே மைனஸ் 20 என்றாலும், தடிப்பாகப் பனி மூடியிருந்தால் அடியில் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். முயல் தடத்தைக் கண்டால் முன்னால் பெரிதாக இருக்கும் இரண்டும் பின்னங்கால்கள் என்று ஞாபகம் வையுங்கள். பாயும்போது பின்னங்காலைத்தான் முன்னால் கொண்டுவந்து வைக்கும். எனக்கு இது தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுக்க முயல்களை எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருந்தேன்.

காதையும் கொண்டுபோங்கள், அதாவது இயர்போனைக் கழற்றுங்கள். பெப்ரவரியிலேயே கார்டினல் உச்சிக் கிளையில் இருந்து விசிலடிக்கத் தொடங்கிவிடும், வெள்ளைப் பனிக்கு மேலே குங்குமச் சிவப்பு. சிக்கடி என்ற குருவி வழக்கமான 'சிக்-அ-டீ'யை விட்டுவிட்டு இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடும், மேலே ஒன்று, கீழே ஒன்று. மார்ச் முற்பகுதியில் ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துச் சதுப்பில், போன வருடத்துக் காய்ந்த சம்பங்கோரைமேல், தோளில் சிவப்புப் பட்டி வைத்த கறுப்புக் குருவி வந்து உட்கார்ந்து கரகரவென்று கத்தும். முதலில் ஆண்கள்தான் வரும், நல்ல இடம் பிடிக்க. தண்ணீர் இன்னும் உறைந்துதான் கிடக்கும், அதற்குக் கவலை இல்லை.

மேப்பிள் பாணி

முதலில் சொன்ன மைனஸ் 5, பிளஸ் 5 ஊஞ்சல்தான், மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி எடுக்கிற பாணியின், அதாவது சிரப்பின், இரகசியமும். இரவு உறையும்போது தண்டுக்குள் அழுத்தம் குறைந்து வேரிலிருந்து நீரை இழுக்கும், பகலில் உருகும்போது அழுத்தம் ஏறி, துளை போட்ட இடத்தால் சொட்டும். ஊஞ்சல் நின்றால் சொட்டும் நிற்கும். மொட்டு வெடித்துவிட்டால் ருசியும் கெட்டுவிடும். அதனால்தான் இது ஏறக்குறைய ஆறு கிழமைக்குள் மட்டும் நடக்கிற தொழில்.

கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்ததைக் கண்டவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. வாகன் நகரில் உள்ள கோர்ட்ரைட் நிலையத்திலும் ஸ்ரூவில் பக்கத்தில் புறூஸஸ் மில்லிலும் மார்ச்சில் மேப்பிள் விழா வைப்பார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரையும் கொண்டுபோனேன். சொட்டிய நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன, பச்சைத் தண்ணியில சீனி கழுவின மாதிரி இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார், அதில் சீனி ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். 40 லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. காய்ச்சுகிற கொட்டிலுக்குள் நீராவியும் விறகுப் புகையும் கலந்த வாசம் வந்ததும் அம்மா பேசாமல் அங்கேயே நின்றுவிட்டார், நாங்கள் கூப்பிட்டும் கனநேரம் வெளியே வரவில்லை. பனங்கட்டி வைக்கிற ஓலைக் குட்டான் ஒன்று மட்டும்தான் அங்கே குறை.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியது பனிமிட்டாய். கடையில் வாங்கிய சுத்த மேப்பிள் பாணி ஒரு கோப்பையை அடி தடித்த, உயரமான சட்டியில் ஊற்றிக் காய்ச்சுங்கள். பொங்கி வழியும், பக்கத்தை விட்டுப் போகாதீர்கள். வெப்பமானி 113 பாகை செல்சியஸ் காட்டும்போது இறக்கி, தட்டில் அமத்தி வைத்த புதுப் பனிமேல் கோடு கோடாக ஊற்றி, அரை நிமிடம் விட்டு ஒரு குச்சியில் சுருட்டினால் இழுபடும் மிட்டாய். ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், கொதிக்கிற சீனிப்பாகு தோலோடு ஒட்டும். பனியைப் பின்வளவில், விழுந்த அன்றைக்கே, மேல்பகுதியாக அள்ளுங்கள். தெருவோரப் பனி உப்பு.

நகரத்து மரத்தில் துளை போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. சொந்த வளவில் மேப்பிள் நின்று, தண்டின் விட்டமும் 25 முதல் 30 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் உங்கள் விருப்பம்.

ஒரு கிளையை வீட்டுக்குள் கொண்டுவருவது

பொறுமை இல்லாதவர்களுக்கு இது. உங்கள் வளவிலோ தெரிந்தவர் வளவிலோ ஃபோர்சித்தியா செடி நிற்கும், ஏப்ரலில் இலைக்கு முன்னால் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுமே, அது. பெப்ரவரி நடுவுக்குப் பிறகு, பூச்சியத்துக்கு மேலே போகிற ஒரு நாளில், உருண்ட தடித்த மொட்டுகள் உள்ள குச்சிகளை இரண்டடி நீளத்தில் சரிவாக வெட்டுங்கள். அடியை ஓர் அங்குலம் கத்தியால் கீறி விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி, முதல் நாள் குளிர்மையான அறையில் வையுங்கள். பிறகு வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள், ஹீற்றர் காற்று அடிக்கிற இடம் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்காத் தண்ணீர் மாற்றினால் ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் பூக்கும். ஜனவரி முதல் கிழமையில் வெட்டினால் பூக்காமல் போகலாம், குளிர்க் கணக்கு முடிந்திருக்காது. நான் இரண்டு தடவை அவசரப்பட்டு வெட்டி, வெறும் குச்சிக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

வெளியே முதலில் பூப்பது எது என்று கேட்டால் மேலே பாருங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் சில்வர் மேப்பிளும் பிறகு சிவப்பு மேப்பிளும் இலைக்கு முன்னாலேயே பூத்துவிடும். பூ என்று யாரும் நினைக்காத அளவுக்குச் சின்னச் சிவப்புக் கொத்து, தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தைச் சுற்றி ஒரு சிவப்புப் புகை. ஹை பார்க் செர்ரிப் பூவுக்கு ஏப்ரல் கடைசியில் ஊரே திரண்டு போகும், இதைப் பார்க்க ஒரு ஆளும் இல்லை.

பனி போய்ப் பாதை சேறாகிவிட்டால் நடை நிறுத்த வேண்டும் என்று இல்லை, ஆனால் சேற்றைத் தவிர்க்கப் பாதையோரத்தில் நடந்து பாதையை அகலமாக்காதீர்கள், முளைக்கிறது எல்லாம் அந்த ஓரத்தில்தான் முளைக்கும். 4 பாகைக்கு மேலே போனால் உண்ணிகளும் எழும்பிவிடும், ரூஜில் லைம் நோய் பரப்பும் வகை இருக்கிறது. காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டு போய், வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாருங்கள்.

ஆணிப்பட்டியை மட்டும் உடனே தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். 2018இல் ஏப்ரல் 14ஆம் திகதி, வருடப் பிறப்பன்று காலை, ஐஸ் மழை தொடங்கி இரண்டு நாள் கொட்டியது. புதுச் சேலை, வேட்டியோடு கோயிலுக்கு வெளிக்கிட்ட நாங்கள் கார்க் கதவைத் திறக்கவே சுடுதண்ணீர் கேத்திலோடு நின்றோம், அதுவும் செய்யக்கூடாத வேலையாம், கண்ணாடி வெடிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தடுத்தார். முன்வளவில் நின்ற மேப்பிளின் சிவப்புப் பூக்கள் ஒவ்வொன்றும் கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.